ஒரே மீட்டர்

டிவி, கிரைண்டர், பல்பு என்று ஒன்று விடாமல் அணைத்துவிட்டு வந்து நின்றாள் மல்லிகா. அப்படியும் மீட்டரில் சிவப்பு விளக்கு பரபரவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? எங்கூட்டுல ஒரு பல்பு கூட எரியலீங்க. மாடியில நீங்கதான் எதையோ ஓட உட்டிருக்கறீங்க!"

"மாடியையும் இப்பத்தான அணைச்சுட்டு வந்தேன்?" ராஜ்குமாருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

ஏற்காட்டில் இந்த வீட்டை அவர் வாங்கி ஆறு மாதம் கூட ஆகவில்லை. வீட்டோடு சேர்ந்து கீழே குடியிருந்த மல்லிகா குடும்பமும் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே மீட்டர்.

"பில்லுல பாதி குடுங்க. முடியாதுன்னா காலி பண்ணிக்குங்க. அவ்ளோதான்."

மல்லிகாவுக்கு வயிறு எரிந்தது. பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி போட்டுப் பிழைக்கிறவள், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவாள்? மாடியில் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு நம் தலையில் கட்டுகிறானே பாவி என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

பழைய ஓனர் சந்திரசேகர் இருந்தவரை இப்படி ஒரு பேச்சு வந்ததுண்டா? கூடப் பிறந்த அண்ணன் கூட அப்படி இருக்க மாட்டான். வீட்டை விற்றுவிட்டுப் பின்பக்கம் டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விடக் காட்டேஜ் கட்டிக்கொண்டு போன பிறகும், இங்கே ஃபியூஸ் போனால் கூப்பிடாமலேயே ஓடி வந்து கட்டிக்கொடுப்பார். "மாடிக்காரன்தான் இழுக்கறான் கண்ணு, ஒத்தப் பைசா சேத்திக் குடுக்காத" என்று தைரியம் சொன்னதும் அவர்தான்.

"அப்ப ஒருத்தருக்கும் கரண்டே வேண்டாமுங்க!"

ஆத்திரத்தில் மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையை வெடுக்கென்று பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

ராஜ்குமார் கத்த ஆரம்பிப்பதற்குள் வேலிப் பக்கம் காலடிச் சத்தம். கையில் கம்பியும் ஸ்க்ரூ டிரைவருமாக, மூச்சிரைக்க வந்து நின்றார் சந்திரசேகர். அவரைப் பார்த்ததும் மல்லிகாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணா! நாயத்த நீங்களே சொல்லுங்க. இத்தன கரண்ட்ட எடுக்கறது யாருங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த ஃபியூஸ் கட்டையைத்தான் பார்த்தார்.

அவருக்குப் பின்னால், காட்டேஜ் பாத்ரூம் ஜன்னலிலிருந்து ஒரு குரல் அலறியது.

"ஓனர் சார்! ஹீட்டர் நின்னு போச்சுங்க, தலையெல்லாம் சோப்பு!"