எட்டு வாட்ஸ்

"அதுல கை வைக்காதீங்க!"

அசரியா போட்ட சத்தத்தில் தசரதன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான். ரிப்பேருக்குக் கூப்பிட்டுவிட்டுத் தொடாதே என்று சொல்லும் வீட்டை அவன் இதுவரை பார்த்ததில்லை.

கூப்பிட்டது அவரில்லை, அவர் மனைவி ரத்தினபாய். 'பாட்டு சரியாகக் கேட்கவில்லை, சீக்கிரம் வாருங்கள்' என்று மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் மெசேஜ், கூடவே ஆம்ப்ளிஃபையரின் போட்டோ. தசரதன் போன் செய்தால் எடுக்க மாட்டார். பதிலுக்கு இன்னொரு மெசேஜ்தான் வரும். பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம் டிராஃபிக்கில் நின்று நின்று, சேலையூர் வந்து சேர அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

ஹால் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள் நின்றன. வழக்கமான பெட்டி இல்லை, கதவு மாதிரி தட்டையான பேனல். உள்ளே இருக்கும் மெல்லிய பிலிமில் மின்சாரத்தை ஏற்றி, அதையே அதிர வைத்துப் பாட வைக்கிற ரகம். அதை ஓட்டிக்கொண்டிருந்ததோ அசரியா தன் கையால் செய்த சின்ன வால்வு ஆம்ப்ளிஃபையர். பழைய ரேடியோவில் இருக்கிற மாதிரி நாலு கண்ணாடி வால்வு, ஆரஞ்சு வெளிச்சம், எட்டே வாட்ஸ்.

"மொபெட்டைக் கட்டி லாரியை இழுக்கற மாதிரி இருக்கு சார்" என்றான் தசரதன்.

அசரியா சிரிக்கவில்லை.

"தம்பி, நான் சர்ச்ல க்வயர் நடத்தறேன்" என்றார் ரத்தினபாய். "பிராக்டிஸை ரெக்கார்ட் பண்ணி அனுப்புவாங்க. அதை இதுல போட்டுக் கேட்டுத்தான் யார் எங்க தப்பு விடறாங்கன்னு சொல்வேன். ஈஸ்டருக்கு இன்னும் பத்தே நாள். ஆம்பளைங்க குரல் வருது. மேல பாடற பொண்ணுங்க குரல்தான் வரவே மாட்டேங்குது."

தசரதன் வால்யூமைக் கடைசி வரை திருகினான். பாட்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற அளவுக்குத்தான் சத்தம். அதற்கு மேல் ஏறவில்லை.

அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"அதேதாம்மா. குரல் மேல போகப் போக இந்த பேனல் ஜாஸ்தி பவர் கேக்கும். இந்தக் குட்டி ஆம்ப் அங்கதான் மூச்சு வாங்குது. எதுக்கும் இருக்கட்டும்னு இருநூறு வாட்ஸ் டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒண்ணு வண்டியில கட்டிட்டு வந்திருக்கேன். மாட்டினா வீடே நிறைஞ்சிடும்."

"நான் சொன்னேன்ல?" ரத்தினபாயின் முகம் மலர்ந்தது.

"வால்வுல வர்ற இனிமை அதுல வராது" என்றார் அசரியா.

"ரெண்டு வருஷமா இதே கதைதான். வால்வு பழசாயிடுச்சுன்னீங்க. புதுசு போட்டீங்க. வோல்டேஜ் கம்மின்னீங்க. ஸ்டெபிலைசர் வாங்கினோம். பேனல்ல தூசின்னீங்க. ஒரு வாரம் உட்கார்ந்து தட்டினீங்க. போன கிறிஸ்துமஸுக்குப் பாட்டு சொதப்பினதுல, இப்ப கமிட்டில வேற ஆளைப் போடலாமான்னு பேசறாங்க." அவர் குரல் உடைந்தது. "முப்பது வருஷ க்வயருங்க. அது முக்கியமா, இந்த டப்பா முக்கியமா?"

அசரியா தன் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் போய் மறைத்தபடி நின்றுகொண்டார்.

தசரதனுக்கு எரிச்சலாக இருந்தது. வால்வுப் பைத்தியங்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். ஆனால் வீட்டில் ஒரு மனுஷி கண் கலங்கும்போதுகூட இறங்கி வராத ஆளை இப்போதுதான் பார்க்கிறான். விறுவிறுவென்று போய் வண்டியிலிருந்து பெரிய ஆம்ப்ளிஃபையரை அவிழ்த்துக்கொண்டு வந்தான்.

"இவ்ளோ பவர் குடுத்தா பேனல் எரிஞ்சிடாதா?" என்றார் அசரியா.

"எரியாது சார். அளவாத்தான் வைப்பேன்."

"இன்னொரு நாள் வெச்சுக்கலாமே. ஈஸ்டர் முடியட்டும்."

"ஈஸ்டருக்குத்தானே அம்மா கேக்கறாங்க?"

அசரியா சோபா நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"நான் வர்றதுக்குள்ள போட்டுடாதீங்க தம்பி. காபி கலந்துட்டு வந்துடறேன்" என்ற ரத்தினபாய், சின்னப் பெண் மாதிரி வேகமாக அடுப்படிக்குப் போனார்.

தசரதன் பழைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயர்களைக் கழற்றிப் புதியதில் சொருகினான். கடைசி ஒயரை எடுத்தபோது அசரியா எழுந்து வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க சார். ஒரு தடவை கேட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா நானே கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

"எனக்கு எட்டு வாட்ஸே நல்லாத்தான் கேக்குது தம்பி." அசரியாவின் குரல் அடங்கியிருந்தது. "வாசல்ல நின்னாக்கூட, மேல பாடற அந்தப் பொண்ணுங்க ஒவ்வொருத்தி குரலும் தனித்தனியா கேக்குது."

தசரதனின் கை ஒயரோடு அப்படியே நின்றது.

"ரெடியா தம்பி?" அடுப்படியிலிருந்து ரத்தினபாய் ஆசையாகக் கேட்டார்.

அசரியாவின் பிடி இறுகியது.

"இருநூறு வாட்ஸ்லயும் அவளுக்குக் கேக்கலைன்னா, அப்புறம் நான் எதைத் தம்பி குறை சொல்றது?"