அசல்

நவநீதம் வளர்த்த கிடாயின் தொடையில் மிளகளவு சதையைக் கிள்ளிக்கொண்டு போன கம்பெனி, அதை ஆய்வகத்தில் வளர்த்து ஊருக்கே கறி போட்டது. ஆட்டை அறுக்க மாட்டோம் என்று சொன்னதால்தான் கொடுத்தாள். புருஷன் செத்த பிறகு தெரு முழுக்கச் சண்டை போட்டு ஓய்ந்தவளுக்கு, எதிர்த்துப் பேசாத துணை அது ஒன்றுதான்.

தெரு முதலில் மூக்கைப் பொத்தியது. பிறகு, உயிர் போகாத கறிக்குப் பாவம் ஏது என்று வெள்ளிக்கிழமைகூடக் குழம்பு வைத்தது. வருஷம் திரும்புவதற்குள் நாக்கு குறை சொல்லத் தொடங்கியது. சப்பென்று இருக்கிறதாம், மென்றால் ரப்பராம். தின்றதெல்லாம் நகல்தானே, அசலோ நவநீதத்தின் வாசலில் அகத்திக்கீரை மென்றுகொண்டு நின்றது.

ஞாயிறு காலை தூக்குச்சட்டிகளோடு வந்துவிட்டார்கள். நவநீதம் கிடாயை உள்ளறையில் தள்ளித் தாழ் போட்டாள்.

"மேயப் போனது திரும்பலை."

"ஒரு வருஷமா அதைத்தானே தின்னுக்கிட்டு இருக்கோம் மதினி," என்றாள் எதிர்வீட்டு அன்னக்கொடி. "நாங்க என்ன வேத்தாளா?"

"அதுக்கு உயிர் இருக்குடி."

"அதுதான் அந்தக் கறியில இல்லைங்கறோம்."

யாரும் சத்தம் போடவில்லை. கசாப்புக்காரர்கூட மரியாதைக்குக் கத்தியைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். அன்னக்கொடி மட்டும் கழுத்தை நீட்டி, "ராசு... ஏ ராசு..." என்று செல்லமாகக் கூப்பிட்டாள்.

தினமும் அவள் கையால் வாழைப்பழத்தோல் தின்கிற கிடா, உள்ளேயிருந்து ஆசையாகப் பதில் கத்தியது.