கதவு கடைசியாக மாறிய தேதி

ஊரின் கதவுகளையெல்லாம், கை வைத்தவர் யாரென்று பார்த்து, ஒரே மெயின்ஃபிரேம் கணினி திறந்து மூடிய காலம் அது. மறைந்த மனைவியின் ஆர்மோனியத்தை மகள் ஜெசிந்தா விற்ற கோபத்தில், "இந்தக் கதவு இனி உனக்குத் தொறக்காது" என்று தேவசகாயம் அவள் பெயரைக் கதவின் நிரலிலிருந்து நீக்கினார். அவளும் அவர் மகள்தானே, வீம்பாகப் போய்விட்டாள்.

ஒன்பது வருடம் கழித்து, அவரை அடக்கம் செய்த மறுநாள், கதவில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு மெயின்ஃபிரேம் அலுவலகத்துக்குப் போனாள். ஊழியர் நிரலைத் திறந்து, கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்தார்.

"உங்க பேர் ஏற்கெனவே இருக்கேம்மா. ஒம்பது வருஷம் முன்னாடி, மார்ச் நாலு, காலைல ஆறு மணிக்கு அப்பாவே சேர்த்திருக்கார்."

சண்டை நடந்தது மார்ச் மூன்று.

"அப்போ இத்தனை வருஷமும்..."

"கை வச்சிருந்தா தொறந்திருக்கும்மா."

எத்தனையோ முறை அந்த வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறாள். கதவில் கை மட்டும் வைத்ததில்லை.