மூடியில் துளிகள்

"மூடியை நீ தூக்கறியா, நான் தூக்கட்டுமா?" என்று கேட்டார் ஹிராய்.

"நீங்களே தூக்குங்க மாமா," என்றாள் கினுயோ.

ஹிராய் தெருச் சங்கத்தின் தலைவர். ரேஷன் சீட்டு கொடுக்கவும், குண்டு விழுந்தால் தீயணைக்க வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும் வாரம் ஒருமுறை எல்லா வீட்டுக்கும் வருவார். இன்று வாளிப் பக்கம் திரும்பவே இல்லை. நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேராக உள்ளே வந்து, கினுயோவுக்கு எதிரே வைத்திருந்த தட்டின் முன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அது அவள் கணவன் இசாமுவின் தட்டு. ஆண்கள் கடலில் இருக்கும்போது வேளாவேளைக்கு அவர்கள் பங்கை அவர்கள் இடத்தில் வைப்பது ஜப்பானியக் கடற்படைத் துறைமுகமான குரே நகரத்தில் வீட்டுக்கு வீடு உள்ள வழக்கம். சாதக் கிண்ணத்து மூடியின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான். காய்ந்திருந்தால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஹிராய் மூடியைத் தூக்கினார். உள்ளே முத்து முத்தாகத் துளிகள். ஒன்று உருண்டு அவர் விரலில் விழுந்தது.

"இருக்கான்," என்றார். "உன் வீட்டுக்காரன் இருக்கான்மா."

கினுயோ தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவன் இருந்தா என் பையனும் இருக்கணும். ஒரே கப்பல், ஒரே சமையலறை. எங்க வீட்டுல மினோருவுக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது. அங்க ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கிப் போடறானாம். இசாமு அண்ணன் திட்டியே ஆளாக்கிட்டார்னு எழுதியிருந்தான்."

கினுயோவின் பார்வை ஒரு கணம் மெத்தை அலமாரிப் பக்கம் போய்த் திரும்பியது. அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

"கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா?"

"கிளம்பறதுக்கு முன்னாடி எழுதினதுதான் மாமா."

"எங்களுக்கும் அதேதான். மிட்வே தீவுச் சண்டையில ஜெயிச்சாச்சுன்னு தெருத்தெருவா கொடி பிடிச்சோம். ஜெயிச்சவன் வீட்டுக்கு ஒரு வரி எழுத மாட்டானா? ரேடியோல நம்ம பக்கம் ஒரே ஒரு கப்பல்தான் போச்சுன்னாங்க. அந்த ஒண்ணு..."

முடிக்காமல் தேநீரைக் குடித்தார். கூரைக்குக் கீழே கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைத் துணிப் பட்டைகள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டன.

"இதென்ன இத்தனை துணி?"

"கட்டுத்துணி மாமா. மகளிர் சங்கத்துல ஆஸ்பத்திரிக்குக் கேட்டிருக்காங்களே."

"நல்ல காரியம். அங்க ஏதோ தொத்து நோயாமே? பின்பக்கக் கட்டடத்தைச் சுத்தி வேலி போட்டுட்டாங்க. நர்ஸுங்களைக்கூட வெளிய விடறதில்லையாம்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும்தான் இளைச்சுப் போயிட்ட. இந்தத் தட்டுச் சாதத்தையும் அப்புறம் நீதான சாப்பிடற?"

"வீணாக்க முடியுமா மாமா?"

"ரெண்டு பேர் சோறு சாப்பிட்டுமா இந்த லட்சணம்?"

கினுயோ லேசாகச் சிரித்தாள். ஹிராய் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேணாம். ஏழு நாளா எங்க வீட்டு மூடி காய்ஞ்சு கிடக்கு. அவ அடுப்படியிலேர்ந்து வர்றதுக்கு முன்னாடி நான் போய் ஈரக் கையால தடவி வெச்சிடறேன். அவ தூக்கிப் பாத்துட்டு, பையன் நல்லா இருக்கான்னு சந்தோஷமா சாப்பிடறா. எனக்குத்தான் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

வெளியே மழை வலுத்தது. கினுயோ மூடியைக் கிண்ணத்தின் மேல் திரும்ப வைத்தாள். பிறகு கேட்டாள்.

"உங்க வீட்டுல சாதம் எப்ப ஆக்கறீங்க?"

"கரி கிடைக்குதா என்ன? ஒரு வாரமா சாயங்காலமே மறுநாளைக்கும் சேத்து ஆக்கிடறோம்."

"அப்ப காலையில தட்டுல வைக்கிறது ஆறின சாதம்."

"ஆமா."

"அதுல ஆவி எங்கேர்ந்து வரும் மாமா? அந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் காலையில சூடா ஆக்கச் சொல்லுங்க. போட்டதும் மூடிடணும். அப்புறம் பாருங்க."

ஹிராய் மூடியை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? சூடு இல்லாததுதான் காரணமா?"

"அவ்வளவுதான்."

"முட்டாக் கிழவன்," என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "ஏழு நாளா செத்துச் செத்துப் பொழைச்சேன். இது தோணலியே." அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பாதவர் போல அவசரமாக எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "பய வரட்டும், சமையலறையை அவன்கிட்டயே விட்டுடறேன்," என்றார்.

மரச்செருப்புச் சத்தம் மழையில் கரையும்வரை கினுயோ கதவருகே நின்றாள். தாழ்ப்பாள் போட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய் மெத்தை அலமாரியின் கதவை நகர்த்தினாள்.

மெத்தைகளுக்கு நடுவே, முழங்கைவரை கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அந்த ஆஸ்பத்திரி வேலியை ஐந்து நாளைக்கு முன் தாண்டி வந்த இசாமு.

"நாலு கப்பல் போச்சு. ஒண்ணுன்னா சொல்றாங்க? அதை மறைக்கத்தான் தொத்து நோய்னு எங்களை அடைச்சு வெச்சிருந்தாங்க." என்றான். அவள் நீட்டிய கவளத்துக்கு வாய் திறக்கவில்லை. "மினோரு என் கண்ணு முன்னாடிதான் எரிஞ்சான். அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே, கினுயோ."

"உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா?" என்றாள் அவள். "சாப்பிடுங்க, ஆறிடும்."