இன்டர்காமுக்கு ஒரு சட்டை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் கடைசியில்தான். முன்னாலேயே எட்டிப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காது.

முதலில் ரேடியோ. பழைய பள்ளியில் அந்தச் சிறுமிக்கு வைத்த பெயர் அது. தலைமையாசிரியரின் கனைப்பு, பஸ் கண்டக்டரின் அதட்டல், தும்மும் பூனை, எல்லாம் அவள் தொண்டையில் வாடகை தராமல் குடியிருந்தன. வராத குரல் ஒன்றே ஒன்று, அம்மாவுடையது. எத்தனை முறை முயன்றாலும் பாதியில் வழுக்கிவிடும்.

அப்பாவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, மூவரும் அங்கே குடிபோனார்கள். மூன்றாம் மாடியில் ஃபிளாட். அட்டைப்பெட்டிகளைப் பிரிக்கும் முன்பே அம்மா தையல் மெஷினைத்தான் வெளியே எடுத்தாள். எந்தப் பொருளையும் வெறும் உடம்போடு விட அவளுக்கு மனசு வராது. டி.வி.க்குப் பழைய சேலையில் உறை. ஃபிரிட்ஜுக்கு உறை. வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்ட பாவாடை.

"ஞாயித்துக்கிழமைகூட நான் அசையாம உட்கார்றதில்லை. எனக்கும் அளவெடுத்துடுவா," என்பார் அப்பா.

ரேடியோவுக்குப் பிடித்தது இன்டர்காம். கீழே தெருக்கதவில் பொத்தானை அழுத்தினால் மேலே மணி அடிக்கும். மேலே இருப்பவர் யாரென்று கேட்டுத்தான் கதவைத் திறந்துவிட வேண்டும்.

ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, குழாய் ரிப்பேருங்க. உங்க வீட்டுத் தண்ணி கீழ் வீட்டுல சொட்டுதுங்க."

"ஐயோ, தரையைக் கழுவி விட்டேனே. வாங்க ஐயா, வாங்க."

இந்த ஊர்க் குழாய்க்காரர் எப்படித் தமிழ் பேசுவார் என்று நீங்கள் கேட்பீர்கள். அம்மா கேட்கவில்லை. ரேடியோ மேலே போனபோது, இருக்கிற வாளியை எல்லாம் குழாய்க்குக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பெத்தவளையே கோமாளி ஆக்குறியே, நல்லாயிருக்கா?" என்று அப்பா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "அவ வெள்ளந்தி."

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது.

புதுப் பள்ளியில் ரேடியோ வாயே திறப்பதில்லை. அந்த ஊர் பாஷையில் அவளிடம் ஒரு குரலும் இல்லை. ஊரையே சிரிக்கவைத்தவள். தான் தப்பாகப் பேசி, ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தால்?

ஆசிரியை அப்பாவுக்கு போன் செய்தார். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"பொண்ணுக்குப் பேச்சு வருமா, இல்லை ஊமையான்னு கேக்கறாங்க. இப்படியே இருந்தா தனி வகுப்புல போட்டுடுவாங்களாம்."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் கட்டடத்து ஆள் வந்து, கரகரத்துக்கொண்டிருந்த பழைய இன்டர்காமைக் கழற்றிப் புதுசு மாட்டினார். ரேடியோ பள்ளியிலிருந்து வருவதற்குள் அதற்கும் சேலைத்துணியில் ஒரு சட்டை தைத்தாகிவிட்டது. பேசவும் அழுத்தவும் மட்டும் ஓட்டை.

"இதுக்குமா?" என்றாள் ரேடியோ.

"தூசி அடையாதா?"

அதன் பிறகு அம்மா ஏமாந்தது கொஞ்சநஞ்சமில்லை. மீட்டர்காரர் வந்தார். வழி தவறிய கிழவர் வந்தார். வீடு மாறிவந்த கல்யாணத் தரகரும் வந்தார். ஒவ்வொருவரையும் அம்மா பேச்சில் பிடித்து நிறுத்தி, ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் கேட்டாள்.

"இந்த ஊர்ல எல்லாருக்கும் நல்லாத் தமிழ் வருதுங்க," என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாள். அப்பா மகளை முறைத்தார். கொஞ்ச நாளில் அவரும் முறைப்பதை விட்டுவிட்டார்.

தரகரிடம் அம்மா சொன்னதுதான் உச்சம்.

"படியில பார்த்து ஏறுங்க ஐயா. ஷூ கயிறு அவுந்திருக்கப் போகுது."

ரேடியோ குனிந்து பார்த்தாள். நிஜமாகவே அவிழ்ந்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டே படியேறினாள். பாவம் அம்மா. யார் வந்தாலும் குழந்தை மாதிரிதான் பேசுவாள்.

ஒரு சாயங்காலம் அம்மா ஸ்டூல் மேல் நின்று கர்ட்டன் மாட்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. ரேடியோ எழுந்து போனாள்.

"ஏய், நில்லு, நான் வர்றேன்," என்றாள் அம்மா. கையில் கம்பி. இறங்க முடியவில்லை.

ஓட்டை வழியாக எந்தப் பொத்தான் என்று தெரியாமல், ரேடியோ சட்டையைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு சின்ன டி.வி. அதில் தெருக்கதவு. அதன் முன்னால் அப்பா, வழுக்கையிலிருந்து ஷூ வரை, பளிச்சென்று. மேலே பார்த்துச் சிரித்தபடி கேட்டார்:

"இன்னிக்கு யாரு வந்தது? குழந்தை நல்லா வாய்விட்டுப் பேசினாளா?"

ஷூ கயிறு. போன் வந்த மறுநாளே தைத்த சட்டை. மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு தினமும் இதே டி.வி.யில் நின்றவள்.

ரேடியோ மெல்லத் திரும்பினாள். ஸ்டூல் மேல் அம்மா, திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி, கர்ட்டனால் பாதி முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ பொத்தானை அழுத்தினாள். இத்தனை நாள் வராத குரல், வழுக்காமல் வந்தது.

"ஆமாங்க, நல்லாவே பேசினா. படியில பார்த்து ஏறுங்க. ஷூ கயிறு அவுந்திருக்கு பாருங்க."

சின்ன டி.வி.யில் அப்பா சட்டென்று குனிந்து தன் ஷூவைப் பார்த்தார்.

ஸ்டூல் மேலிருந்து வந்தது அந்தச் சிரிப்பு.