இடது மிதி

ஏரிப் படகுத்துறையில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. மிதக்கும் ஒற்றை ஆள் கயாக் படகில் உட்கார்ந்து, குனிந்து காலடியைத் துழாவுகிறாள் தங்கை. கால் ஊன்றவும் திசை திருப்பவும் உள்ளே இரண்டு மிதிகள் இருக்கின்றன. கொக்கியைத் தூக்கி வலது மிதியை எட்டத் தள்ளுகிறாள். அது 'கடக்' என்று சட்டத்தின் அடுத்த பல்லில் விழுந்து நிற்கிறது. இடது மிதியைத் தன் பக்கம் வெகுவாக இழுத்து வைக்கிறாள். போன வருஷ விபத்துக்குப் பிறகு இடது கால் குட்டையாகிவிட்டது, கணுக்காலும் மடங்குவதில்லை. துறையில் நிற்கும் அண்ணன் படகின் கயிற்றை விடாமல் பிடித்திருக்கிறான். "பிடிவாதம் பிடிக்காத. ரெண்டு பேர் படகுல வா, நான் திருப்பிக்கறேன். நீ சும்மா உக்காந்து வேடிக்கை பாரு." "ஒரு வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்? கயித்த விடுண்ணா." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. அவன் விடுகிறான்.

துடுப்புச் சொட்டுகள் மடியில் தெறிக்க, படகு துறையை விட்டு விலகிக் கரையோரமாக நகர்கிறது. "அப்படியே வலது பக்கம் திருப்பிக் கரைக்கு வந்துடு, இன்னிக்கு இது போதும்!" என்று கத்துகிறான் அண்ணன். வலது கால் நல்ல கால். லேசாக அழுத்தினாலே பின்னாலிருக்கும் சுக்கான் திரும்பிவிடும். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு, இடது தொடையின் பலம் முழுவதையும் மிதியில் இறக்குகிறாள். கால் வெடவெடக்கிறது. சுக்கானை இழுக்கும் கம்பி கிறீச்சிடுகிறது. அசைய மறுத்த சுக்கான் மெல்ல அசைந்து கொடுக்கிறது. படகின் மூக்கு இடப்பக்கமாக, ஏரியின் நடுவைப் பார்த்துத் திரும்புகிறது. "ஏய், எங்க போற?" "நீ வீட்டுக்குப் போண்ணா," என்கிறாள் திரும்பிப் பாராமல். "நான் வர நேரமாகும்."