ஓட்டைப் படகு

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுப் பாய்மரப் படகு வாங்கி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போய், அதிலேயே குடித்தனம் நடத்துகிறோம். நேற்று முதல் படகின் அடித்தட்டில் தண்ணீர். ஓட்டையைத் தேடிக் கண் பூத்துப்போனது. காற்றும் இல்லை, படகு நகரவில்லை. கைப்பம்பால் கடலுக்கு இறைத்து இறைத்துத் தோள்பட்டை கழன்றது.

"மூழ்கிடுவோமா?" என்றாள் மனைவி.

"நான் இருக்கிறவரைக்கும் விடமாட்டேன்."

"உங்களை நம்பித்தானே வீட்டை வித்தேன்."

இன்று மாலை ஒருவழியாகத் தண்ணீர் ஏறுவது நின்றது. மார்தட்டிக்கொண்டு, "ஒரு டம்ளர் தண்ணி கொடு" என்றேன்.

சமையல் மேடைக் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது.

அடித்தட்டில் மிச்சமிருந்த ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை. ஓட்டை படகில் இல்லை, எங்கள் குடிதண்ணீர்த் தொட்டியில்.

"கடலுக்குத் தாகமா இருக்குன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?" என்றாள்.